கதவிடுக்கில் வந்த பிஸ்கட்

முப்பத்தெட்டு வயதில் எனக்குச் சின்னம்மை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அதெல்லாம் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும் என்று ஒரு நினைப்பு. கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மா இப்போது இல்லை. போன மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள், காய்ச்சல் அடித்தது. வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைந்ததால்தான் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அந்த அலட்சியத்தில் கைக்காசு ஏறத்தாழ 24,000 ரூபாய் போனது, இரண்டு கடைக்காரர்கள் கணக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள், பதினைந்து நாள் படுக்கையில் போனது. ஆனால் பண விஷயத்துக்காக மட்டும் இதை எழுத உட்காரவில்லை. அந்த நாட்களில் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் என் பிள்ளைகள் இரண்டு பேரும் செய்ததை எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் அதே அன்பை நான் எப்படித் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான்.

நாங்கள் இருப்பது பெரம்பூரில், ஒரு தரைத்தள வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. மனைவி வங்கி அதிகாரி. பிரமோஷனோடு ஆந்திராவுக்கு மாற்றல் வந்து ஒரு வருடம் ஆகிறது, மாதத்துக்கு இரண்டு முறை வந்து போவாள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. நான் பதினாலு சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள், எங்கள் தொழிலில் பரீட்சை மாதிரி, அதற்கு முந்தைய நாட்களில் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேச முடியாது. நான் லேப்டாப்பைத் திறந்தால் போதும், சின்னவன் எதையாவது கொண்டுவந்து விசைப்பலகை மேல் வைப்பான். ஒரு சோடா மூடி, ஒரு கைப்பிடிப் பொரி, ஒருநாள் உயிரோடு ஒரு கட்டெறும்பு. “அப்பா, உனக்கு” என்பான். “அப்புறம்டா” என்று பார்க்காமலே கையால் ஒதுக்கிவிடுவேன். ஏப்ரல் கடைசியில் பெரியவள் ஒரு ஹார்டுவேர் கடையின் கொள்முதல் பில்லின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைந்துவிட்டாள். மை முன்பக்கம் வரை ஊறி, தொகை இருந்த இடம் பச்சையாகிவிட்டது. நான் கத்திய கத்தலில் அவள் அழக்கூட இல்லை, அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். என்ன படம் என்று நான் பார்க்கவும் இல்லை. இது நடந்து பத்து நாளில்தான் காய்ச்சல்.

மறுநாள் மார்பில் இரண்டு கொப்புளம். வேர்க்குரு என்று நினைத்தேன். உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கி விழுங்கினேன். அதற்கு அடுத்த நாள் காலை பனியனைக் கழற்றினால் மார்பு, முதுகு, தலைமுடிக்குள் எல்லாம் நீர் கோத்த மாதிரி. மோட்டார் போடச் சொல்ல மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிடுவார்கள், அறுபதைத் தாண்டியவர். “தம்பி, இது வேர்க்குரு இல்லப்பா. அம்மா வந்திருக்கா. முத்து போட ஆரம்பிச்சிடுச்சு” என்றார். அரை மணியில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய் கூடாது, சோப்பு கூடாது, கறி மீன் பேச்சே கூடாது. இளநீர், நுங்கு, மோர், கேழ்வரகுக் கூழ். எல்லாம் சரிதான். கடைசியாக ஒன்று சொன்னார்: “டாக்டரு கிட்ட மட்டும் போயிடாத. ஊசி போட்டா அவ கோவிச்சுக்குவா.”

நான் கேட்டுக்கொண்டேன். பயந்து கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் வெயிலில் போக அலுப்பு, 500 ரூபாய் மிச்சம், அப்புறம் 11ஆம் தேதி வேலை. இரண்டு நாள் கழித்து, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தி இருமல் வந்தபோதுதான் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “முதல் கொப்புளம் என்னைக்கு வந்தது?” பெரியவர்களுக்குச் சின்னம்மை குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமையாக வரும், நுரையீரலையும் பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வைரஸைக் கட்டுப்படுத்தும் அசைக்ளோவிர் மாத்திரை இருக்கிறது. கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். எனக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. அதனால் பெரியவர்கள் யாராக இருந்தாலும் உடம்பில் நீர்க்கொப்புளத்தைப் பார்த்த அன்றைக்கே போய்விடுங்கள். போவதற்கு முன் போனில் சொல்லிவிடுங்கள், காத்திருக்கும் கூட்டத்தில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள், அவர்களுக்கு இது பெரிய ஆபத்து. நான் விழுங்கிய வலி மாத்திரை ஐபுபுரூஃபன். அம்மை நேரத்தில் அதைத் தவிர்க்க வேண்டும், தோலில் மோசமான கிருமித்தொற்று வர அது வழி செய்யலாம் என்றார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரும்பகுதி தனிமைப்படுத்தல்தான். வேப்பிலையைப் பார்த்தால் பால்காரர்கூட வாசலோடு நின்றுவிடுகிறார். அரிப்பெடுத்தால் நகத்தால் சொறியாமல் வேப்பங்கொழுந்தால் தடவிக்கொள்ளச் சொன்னதால்தான் என் முகத்தில் தழும்பு குறைவு. டாக்டர் கொடுத்த கேலமைன் லோஷனும் அந்த வேப்பங்கொழுந்தும் ஒரே ஸ்டூலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்றும் சண்டை வரவில்லை. அவருக்குச் சின்ன வயதிலேயே வந்துபோனது, நெற்றியில் இன்னும் இரண்டு குழி இருக்கிறது. அதனால் அவரால் தைரியமாக உள்ளே வர முடிந்தது. என் மனைவிக்கு வந்ததில்லை என்று மாமியார் உறுதியாகச் சொன்னார். அவள் போனில் அழுதுகொண்டே “நான் கிளம்பி வரேங்க” என்றாள். டாக்டர் வரவே கூடாது என்றுவிட்டார். ஆக, நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்.

நான் படுக்கையறைக்குள், பிள்ளைகள் ஹாலில். ராத்திரி ஆயா வந்து அவர்களோடு படுத்துக்கொள்வார். “கொப்புளம் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே இது காத்துல பரவ ஆரம்பிச்சிடும், இப்ப கதவைச் சாத்தினா முழுசாத் தடுக்க முடியாது, ஆனாலும் சாத்துங்க” என்றார் டாக்டர். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வெளியே வரக் கூடாது. நான் போட்டுக்கொண்ட சட்டம் எளிமையானது: வெளியிலிருந்து என்ன வேண்டுமானாலும் உள்ளே வரலாம், என் அறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போகக் கூடாது. இந்தச் சட்டம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று போடும்போது தெரியவில்லை.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று “அப்பாவுக்கு ஆபீஸ் வேலை இருக்கு, யாரும் கதவைத் தட்டக் கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சாயங்காலம் வரை சத்தமே இல்லை. அப்புறம் கதவுக்குக் கீழே, தரையோடு தரையாக, சின்னவன் குரல் வந்தது. “அப்பா, என் மேல கோவமா? நான் தண்ணி கொட்டினதுக்கா?” இரண்டு நாள் முன்பு லேப்டாப் பக்கத்தில் டம்ளரைக் கவிழ்த்ததற்குத் திட்டியிருந்தேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது. நாலு வயதுப் பிள்ளை ஒரு பகல் முழுக்க அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். உடனே உண்மையைச் சொன்னேன்: உடம்பெல்லாம் கொப்புளம், தொட்டால் உனக்கும் வரும், கொப்புளம் எல்லாம் காய்ந்து உதிர்ந்ததும் கதவு திறக்கும், உன்மேல் கோபமே இல்லை. “காட்டு” என்றான். கதவிடுக்கில் என் சுண்டு விரலைக் கொஞ்சம் நீட்டினேன், அதிலும் ஒரு முத்து இருந்தது. பார்த்துவிட்டு, “சரி” என்று எழுந்து போய்விட்டான். குழந்தைகளிடம் நோயைப் பற்றி உண்மையைச் சின்னச் சின்ன வார்த்தையில் சொல்லிவிடுவது நல்லது. காரணம் சொல்லாவிட்டால் அவர்களாக ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள், அதில் பெரும்பாலும் குற்றவாளி அவர்களாகத்தான் இருப்பார்கள்.

அந்தக் கதவிடுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கதவின் அடிப்பாகம் ஊறி உப்பிப்போய், சாத்தவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் இருந்தது. தச்சர் வந்து கீழே அரை அங்குலம் இழைத்துவிட்டுப் போனார். அதன் வழியாகக் கரப்பான் வருகிறது என்று ஒன்றரை வருடம் புலம்பியிருக்கிறேன். இப்போது அந்த அரை அங்குலம்தான் எங்களுக்குத் தபால்பெட்டி. இரண்டாம் நாள் மத்தியானம் தரையில் ஏதோ உரசும் சத்தம். எழுந்து பார்த்தால் ஒரு மாரி பிஸ்கட், மொசைக் தரையில் மெதுவாக உள்ளே நகர்ந்து வருகிறது. பின்னால் இரண்டு குட்டி விரல்கள். முதலில் கிரீம் பிஸ்கட்டை முயன்று பார்த்து, அது தடிமனாக இருந்ததால் கதவில் முட்டி உடைந்துவிட்டதாம், பெரியவள் விளக்கம் சொன்னாள். பிஸ்கட்டில் ஒரு ஓரம் கடித்திருந்தது. “ஏன்டா கடிச்சிருக்க?” என்றேன். “நீ பால ஆத்தி, குடிச்சுப் பார்த்துட்டுத்தான எனக்குக் குடுப்ப?” என்றான். எறும்பு மொய்த்த தரையில் வந்த பிஸ்கட். சாதாரண நாளாக இருந்தால் “சீ, தூரப் போடு” என்றிருப்பேன். வாயெல்லாம் கொப்புளம், கூழே எரிகிறது. ஆனாலும் அதைத் தண்ணீரில் நனைத்து முழுவதையும் தின்றேன். “நல்லா இருக்கா?” என்று கேட்டான். “நல்லா இருக்கு.” “நான் பார்த்தேன்ல” என்றான் பெருமையாக.

அதற்கப்புறம் தினமும் வந்துகொண்டே இருந்தது. வேப்பிலை ஒன்று, வேப்பம்பூ கொஞ்சம், தட்டையாக நசுக்கிய சப்போட்டா, பெரியவள் ரூல் நோட்டில் எழுதிய “அப்பா தூங்கு” என்ற சீட்டு, என்னுடைய பெட்ரோல் பில் ஒன்று. அது எனக்கு முக்கியம் என்று நினைத்திருப்பார்கள். திருப்பி எதையும் கொடுக்க முடியாது, என் சட்டமே அதைத் தடுத்தது. பத்து வருடமாகச் சம்பாதிக்கிறவன், சாமான் வாங்கிப் போடுகிறவன், ஸ்கூல் கட்டணம் கட்டுகிறவன். இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இடத்தில் நான்தான் இருக்கிறேன் என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. கொடுக்கிறவன் வேலையாக இருக்கிறான், தொந்தரவு செய்யாதே என்பதுதான் என்னுடைய ‘அப்புறம்டா’வுக்குப் பின்னால் இருந்தது. இப்போது தரையில் உட்கார்ந்து, வருவதை வாங்கிக்கொள்வது தவிர எனக்கு வேறு வேலையே இல்லை. சோடா மூடியும் கட்டெறும்பும் ஞாபகம் வந்து வந்து குத்தியது. அதுவும் இதேதான், அப்போது கதவு மட்டும் இல்லை.

இந்த மாதிரி நிலைமையில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. கதவருகே பேசுவதற்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கால் மணி, ராத்திரி தூங்குவதற்கு முன் ஒரு கால் மணி என்று வைத்தோம். நேரம் இல்லாதபோது சின்னவன் நாள் முழுக்கக் கதவையே சுற்றிச் சுற்றி வந்தான். நேரம் குறித்ததும் நடுவில் விளையாடப் போனான். வீட்டுக்குள்ளேயே வீடியோ கால் போட்டும் பார்த்தோம். என் முகத்தைப் பார்த்ததும் அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். மறுநாள் ஆயா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்: மனைவியின் அலமாரியிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, கை, வயிறு, கன்னம் எல்லாம் ஒட்டிக்கொண்டு, கரடி பொம்மைக்கும் ஒட்டி, அதைச் சோபாவுக்குப் பின்னால் தனியாகப் படுக்க வைத்து, “உள்ள வராதீங்க, இவருக்கு முத்து போட்டிருக்கு” என்று அக்காவை விரட்டிக்கொண்டிருக்கிறானாம். ராத்திரி கதவுப் பக்கம் வந்து, “அப்பா, எனக்கும் வந்துடுச்சு, இப்ப நான் உள்ள வரலாம்” என்றான். கால் மணி நேரம் சமாதானம் பண்ண வேண்டியிருந்தது.

நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சில் சளி மாதிரி திட்டுகள், நிமோனியா தொடக்கம். பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று ராத்திரி இருக்க வேண்டியதாயிற்று. அசைக்ளோவிரை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அம்மை என்றதும் பொது வார்டில் படுக்க விடவில்லை, தனி அறை, நாளுக்கு 5,500 ரூபாய். எங்கள் காப்பீடு 3 லட்சம், அதில் அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது 3,000. வாடகை வித்தியாசத்தை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால் டாக்டர் கட்டணம், நர்ஸ் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மொத்த பில் 46,800, கம்பெனி கொடுத்தது 27,500, மீதி 19,300 என் கையிலிருந்து. கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என் சொந்த பாலிசியின் நிபந்தனையைப் படிக்கவில்லை, சிரிப்புத்தான். உங்கள் பாலிசியில் அறை வாடகை வரம்பு எவ்வளவு என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது. அம்மைக்கெல்லாம் அங்கே பார்க்கிறார்கள். வடசென்னைக்காரனான எனக்கு அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பையை நான் எடுத்துவைக்க முடியவில்லை, ஹாலில் இருந்ததை வைத்துப் பெரியவளே ஒரு பை கட்டியிருந்தாள். ஆயாவின் மகன் அதை ஆட்டோவில் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி திறந்து பார்த்தேன். பிரஷ், கொடியில் காய்ந்த லுங்கி, என் கால்குலேட்டர், மூன்று கிரேயான், வெள்ளைத்தாள் ஐந்தாறு. போர் அடித்தால் நான் வரையலாமாம். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள்: “இது பில் இல்லை.” ஐந்தாறு தாளிலும். நர்ஸ் வந்து ஏன் அழுகிறீர்கள், வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்ததும் முதலில் என் கணக்குப் பையில் அந்த ஹார்டுவேர் பில்லைத் தேடினேன். கிடைத்தது. பின்பக்கத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒரு ஆள், கையில் கால்குலேட்டர், அதில் எண்களுக்குப் பதில் பூ. பக்கத்தில் இரண்டு குட்டி உருவம், அவர் தலைக்கு மேல் சேர்ந்து ஒரு குடையைப் பிடித்துக்கொண்டிருந்தன. கடைக்காரரிடம் பில்லின் நகல் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வாட்ஸப்பில் வந்துவிட்டது. அதற்கா அப்படிக் கத்தினேன்?

பெரியவளைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவள் செய்த உதவிகளில் நான் மயங்கிப்போய், அவளுக்கு ஏழு வயதுதான் என்பதையே மறந்தேன். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவாள், தம்பிக்கு ஊட்டுவாள், மோட்டாரை நிறுத்த ஓடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் குரல் கேட்டது: “எத்தனை வாட்டி சொல்றது? அப்புறம்டா!” என் குரலே, என் வார்த்தையே. ஆயாவைக் கேட்டால், நான் இல்லாத மூன்று நாளும் அவள் ஒரு தடவைகூட விளையாடப் போகவில்லை என்றார். அன்றைக்கே எல்லா வேலையையும் பிடுங்கிவிட்டேன். மாத்திரைக்குப் போனில் அலாரம், தம்பிக்கு ஆயா. அவளுக்கு ஒரே ஒரு வேலை, காலையில் கதவருகே வந்து அன்றைய தேதியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது, போகலாம். உடம்பு சரியில்லாத வீட்டில் மூத்த பிள்ளை எதற்கும் அழாமல் சமர்த்தாக இருக்கிறது என்றால் நிம்மதிப்பட்டுவிடாதீர்கள், கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். அவளிடம் பேசியபோது மூன்றாவது நிமிடத்தில் அழுதாள், “நீ செத்துட மாட்டல்ல?” என்று கேட்டாள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் தெருவில் சைக்கிள் ஓட்டினாள்.

அவள் வேலையை விட்டாலும் ஒன்றை மட்டும் விடவில்லை, எனக்கே பின்னால்தான் தெரிந்தது. ராத்திரி ஹாலில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து, கதவிடுக்கைப் பார்த்துத் திருப்பிவிட்டிருக்கிறாள், அப்பாவுக்குக் காற்று வரட்டும் என்று. மே மாதப் பெரம்பூரில் அந்த ஹாலில் மேல் ஃபேன் மட்டும் சுற்றினால் அது அனலைத்தான் இறக்கும். “நானும் வேர்த்து ஊத்திக்கினுதான் படுத்திருந்தேன் தம்பி, திருப்ப விட மாட்டேன்னுட்டா” என்றார் ஆயா. என் கணுக்காலில் லேசாக ஒரு காற்று படும். சந்தில் இருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தடுப்பூசி விஷயம். டாக்டர் பிள்ளைகளின் அட்டையைக் கொண்டுவரச் சொன்னபோது, அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மனைவி ஆந்திராவிலிருந்து போனில் வழி சொல்ல, ஆயா அலமாரியைக் குடைந்து, ஒரு மணி நேரம் போனது. பெரியவளுக்கு இரண்டு டோஸும் போட்டிருந்தது. சின்னவனுக்கு ஒன்றுதான். இரண்டாவதற்குக் குறித்த தேதி தாண்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், அதனால் பலபேர் முதல் டோஸோடு விட்டுவிடுகிறோம். நோயாளியோடு பழகிய மூன்று நாளுக்குள், மிஞ்சினால் ஐந்து நாளுக்குள் போட்டால்கூட ஓரளவு காக்கும் என்றார் டாக்டர். நான் அட்டையோடு அவரிடம் நின்றபோது அந்த நாளும் போய்விட்டிருந்தது. இந்தத் தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த மிச்சியாக்கி தகாஹாஷி. 1964இல் அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை மிகக் கடுமையாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த அப்பா, பத்து வருடம் உழைத்து 1974இல் தடுப்பூசியைக் கொண்டுவந்தார். படுத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவர் கண்டுபிடித்தே கொடுத்துவிட்டார், எனக்குத் தேதியைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகத் துப்பில்லை. இப்போது அட்டை இரண்டும் ஃப்ரிட்ஜ் கதவில், கிளிப் போட்டு. பக்கத்தில் ஒரு தாளில் டாக்டர் நம்பர், காப்பீட்டு எண், ஆயா மகன் நம்பர். மனைவியும் ஊசி போட்டுக்கொண்டாள். பெரியவர்களுக்கும் இரண்டு டோஸ், நாலு முதல் எட்டு வாரம் இடைவெளி. வந்துபோயிற்றா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

முத்து எல்லாம் இறங்கிப் பொருக்கு உதிர்ந்ததும் ஆயா வேப்பிலை, மஞ்சள் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலையில் ஊற்றினார், மூன்று தண்ணீர். வேலை விஷயத்தில்தான் அடி. அம்மை வீட்டுக்கு எந்தக் கடைக்காரரும் பில்லைக் கொடுத்தனுப்பவில்லை, நானும் போக முடியாது. மூன்று கடைக்கு 20ஆம் தேதித் தாக்கல் தவறி 27ஆம் தேதிதான் முடிந்தது. நாளுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் மொத்தம் 1,050, நானே கட்டினேன். இரண்டு கடைகள் அப்படியும் போய்விட்டன, மாதம் 5,000 ரூபாய் வருமானம். தனியாகத் தொழில் செய்கிறவர்கள், அதே வேலை தெரிந்த ஒரு நண்பரோடு இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: எனக்கு முடியவில்லை என்றால் நீ, உனக்கு முடியவில்லை என்றால் நான். எனக்கு அப்படி ஒருவர் இப்போது வியாசர்பாடியில் இருக்கிறார்.

தாக்கல் தாமதமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 22ஆம் தேதி காலை சின்னவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். இந்தத் தடவை ஸ்டிக்கர் பொட்டு இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன். ஒரு டோஸாவது போட்டிருந்ததால் லேசாகத்தான் வந்தது, மொத்தம் பதினொரு முத்து. அவனே எண்ணினான். எனக்கு வந்துபோய்விட்டதால் பயமில்லாமல் பக்கத்திலேயே இருக்கலாம். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய் அவன் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. “நீ வெளிய போ” என்றான். “ஏன்டா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது.” “வெளிய போய்க் கதவைச் சாத்து. எனக்குத்தான இப்ப வந்திருக்கு.”

போய்ச் சாத்தினேன். உள்ளே கட்டிலிலிருந்து குதிக்கும் சத்தம், அப்புறம் தரையில் படுக்கும் சத்தம். கதவிடுக்கில் இரண்டு கண்கள் தெரிந்தன. பெரியவள் சமையலறைக்கு ஓடி மாரி பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தாள். மொசைக்கில் குப்புறப் படுத்து, பிஸ்கட்டை இடுக்குக்கு நேராக வைத்தேன்.

“அப்பா, பார்த்துட்டியா?” என்றான் உள்ளேயிருந்து.

திரும்ப எடுத்து, ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டு, உள்ளே தள்ளினேன்.